நாவில் பிறக்கும் வசவும் நரம்பின் இயல்பும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசற்காட்டு ஊர்களில், சீமைக்கருவேல முள் செருப்பையும் துளைத்துக்கொண்டு உள்ளங்காலில் ஏறும்போது, எத்துணை நிதானமுள்ள மனிதரானாலும், யோசனை பிறப்பதற்கு முன்பாகவே அவர் வாயிலிருந்து ஒரு வசவு தெறித்துவிடுகிறது. அதை ஒழுக்கக் குறைவென்று தள்ளிவிடாமல், அது பிறக்கும் விதத்தைச் சாஸ்திர நோக்கில் ஆராய்வது அவசியம்.

1861-இல் பாரிஸ் வைத்தியர் பால் பிரோக்கா பரிசோதித்த நோயாளி ஒருவர், "டான்" என்ற ஒலியைத் தவிர ஏறக்குறைய வேறெதுவும் பேச இயலாதவராயிருந்தும், கோபம் மிகுந்தபோது வசைமொழி ஒன்றைத் தெளிவாக உரைத்தார். ஆய்ந்து பேசும் பேச்சு பெரும்பாலும் மூளையின் இடப்பாதியைச் சார்ந்திருக்க, உணர்ச்சிவேகத்தில் வெளிப்படும் வசவுக்கு வலப்பாதியும், மூளையின் ஆழத்திலுள்ள நரம்புத் திரள்களும் துணைநிற்கின்றன என்பது நரம்பியலார் கருத்து.

இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்து உளவியலார் ரிச்சர்ட் ஸ்டீபன்ஸ் தம் சகாக்களுடன் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், பனிநீரில் கையை அமிழ்த்தியவர்கள், சாதாரணச் சொல்லைக் கூறியபோதைக் காட்டிலும் வசைச்சொல்லைக் கூறியபோது அதிக நேரம் வலியைத் தாங்கினர். நாள்தோறும் வைது பழகியவர்களுக்கு அப்பயன் குறைகிறது என்று 2011-லும், புதிதாகப் புனைந்த வசவுகள் வலியைத் தணிப்பதில்லை என்று 2020-லும் அவர் கண்டறிந்தார். ஆகவே, வசவின் வீரியத்துக்கு அதன் ஓசை மட்டும் காரணமாகாது. சிறுவயது முதல் சமூகம் விதித்துவரும் தடையே அதற்கு மூலம் என்று கொள்ளலாம்.

அத்தடை காலந்தோறும் இடம் மாறுவதை இக்கரிசல் பூமியிலும் காணலாம். விளக்கு வைக்கும் வேளையில் "நாசமாய்ப் போ" என்ற சொல் காதில் விழுந்தாலே பதறிய மூத்த தலைமுறைக்குப் பின், தாயையும் தமக்கையையும் இழுத்துப் பேசும் சொற்கள் இளைஞரிடையே நட்புரிமையாகச் சகஜமாகிவிட்டன. ஒருகாலத்தில் களத்துமேட்டில் கூச்சமின்றி வீசப்பட்ட சாதிவசையோ, 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தாலும், பட்டியலினத்தாரையும் பழங்குடியினரையும் பொதுமக்கள் பார்வையில் சாதிப்பெயர் சொல்லி வைவதைத் தனிக் குற்றமாக வகுத்த 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் தண்டனைக்குரியதாயிற்று. முன்னதை நாகரிகமென்று ஏற்க என் மனம் இசையவில்லை. பின்னது மெய்யான முன்னேற்றம்.

வலியில் வாய்விட்டுக் கத்துவது மனித சுபாவம். அந்த ஆறுதலுக்காகப் பிறர் பிறப்பையோ பெண்ணின் மானத்தையோ பலியிட வேண்டியதில்லை. எது வாயில் வரக்கூடாது என்பதைக் குழந்தை பெரியவர்களிடமே கற்பதால், அவ்விரு வகை வசவுகளையும் நம் வீட்டுப் பேச்சிலிருந்து அறவே விலக்குவது நம் ஒவ்வொருவரின் கடமையாகும்.