எழுதாது விட்ட ஒளி

டிக்கோயாவை அடுத்த வார்லியில், காசல்ரீ நீர்த்தேக்கத்தை நோக்கியவண்ணம் கற்கோயில் ஒன்று நிற்கின்றது. 1878-இல் தோட்டத்துரைமார் காலத்தில் எழுந்த கிறிஸ்து ஆலயம் அது. சென்ற மார்கழியில் என் மாணவன் ஒருவன், ஓவியப் போட்டிக்காக அதன் உட்புறத்தை எழுத விரும்பினான். கொழுந்து பறிக்கும் தாயின் மகன், லயத்தில் வளர்ந்தவன், நீர்வண்ணத்தில் கைதேர்ந்தவன். துணைக்கு யானும் சென்றேன்.

கோதிக் கட்டடக்கலையின் நுட்பம் கூர்வளைவில் உள்ளது. ஐரோப்பியப் பேராலயங்களில் அவ்வளைவுகள் கூரையின் பாரத்தைத் தூண்களுக்குக் கடத்தின. சுவர் சுமை நீங்கிச் சாளரமாயிற்று. வார்லியோ சிற்றாலயம். வெளியே மூடுபனி, உள்ளே நுழைந்ததும் இருளே முதலில் கண்ணிற்பட்டது. பின்னர் வண்ணக் கண்ணாடி மெல்ல விழித்தது.

"ஒளி போதாது தம்பி, மஞ்சள் பூசு" என்றேன். நாட்காட்டிப் படங்களிற் கண்ட கதிர்க்கோடுகள் என் நினைவில் இருந்தன போலும்! அவன் மறுசொல் கூறாது வேறு தாளெடுத்து அவ்வாறே எழுதி அனுப்பினான். பரிசு கிட்டவில்லை.

அண்மையில் பீட்டர் ஸான்ரெடாம் என்னும் ஒல்லாந்த ஓவியரைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. யூட்ரெக்ட் நகரின் பூர்கெர்க் ஆலய உட்புறத்தை 1636 ஆகஸ்ட் 16-இல் நேரில் வரைந்து நாளும் குறித்துக்கொண்ட அவர், அதனை வண்ணத்தில் எழுதியது 1644-இல். எட்டு ஆண்டு! கதிர்க்கோடு ஒன்றேனும் அதில் இல்லை. சுண்ணச் சுவரின் வெண்மை சாம்பலாய் மங்கும் படிகளே அங்கு ஒளி. நீர்வண்ணத்திலோ தாளின் வெண்மையினும் மிக்க ஒளி கிடையாது. சூழ்ந்த இருளை அளந்து பூசினால் வெறுந்தாளே சுடரும். ஓவியந் தீட்டுதலை 'எழுதுதல்' என வழங்கிய மொழியைப் பயிற்றும் எனக்கு, எழுதாது விடுதலும் அக்கலையே என்பது தெரியாமற் போயிற்று.

இதனை அவனிடம் கூறினேன். மறுநாள் பழைய தாளொன்றைக் கொணர்ந்தான். சுவரும் விசுப்பலகைகளும் கருங்காவி. சாளரம் வெறுந்தாள், ஓரத்தில் மட்டும் சிறிது நீலமும் செம்மையும். என் கண் கூசிற்று.

"இதை ஏன் அனுப்பவில்லை?"

"ஐயாதானே மஞ்சள் பூசச் சொன்னீங்க."

தாளின் மூலையில் பென்சிலால் நாளும் நேரமும் குறித்திருந்தான். யான் வாய் திறந்ததற்கு அரைமணி முந்தியது அது.