மெதுவாக ஓடினால் வேகம் வரும்!

நம் பகுதியில் நடைப்பயிற்சி பற்றி எத்தனையோ சகோதரிகள் எழுதிவிட்டார்கள். ஓட்டம் என்றால் மட்டும், 'அது ஸ்கூல் பிள்ளைங்க சமாச்சாரம், போலீஸ் செலக்‌ஷனுக்குப் போறவங்க சமாச்சாரம்' என்று ஒதுக்கிவிடுகிறோம். அப்படி ஒதுக்க வேண்டியதே இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்த குடும்பத் தலைவி. வயது 37. இரண்டு பிள்ளைகள். பதக்கம், கோப்பை எதுவும் வாங்கியவள் அல்ல. ஆனால் இன்று நிற்காமல் 10 கிலோமீட்டர் ஓடுகிறேன். இதற்கு இரண்டு வருடம் ஆனது.

இரண்டாவது பிரசவத்தின்போது எனக்குச் சர்க்கரை வந்து, குழந்தை பிறந்ததும் போய்விட்டது. 'கர்ப்ப காலத்தில் எட்டிப் பார்த்த சர்க்கரை, பின்னாளில் நிரந்தரமாக வந்து உட்கார வாய்ப்பு அதிகம். உடம்புக்கு வேலை கொடுத்துக்கிட்டே இரும்மா' என்றார் டாக்டரம்மா. சர்க்கரையால் கால் விரல் எடுக்கப்பட்ட அம்மாவுக்குப் பணிவிடை செய்தவள் நான். அதனால் அந்த வார்த்தை மனதில் நன்றாகவே தைத்தது.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற பி.டி. டீச்சர் ஒருவர் இருக்கிறார். அவரிடம்தான் போய்க் கேட்டேன். அவர் சொன்ன முதல் பாடம் இது: "ஓட்டம்னா மூச்சு முட்ட ஓடறது இல்லை கண்ணு. பேசிக்கிட்டே ஓட முடியணும். பேச முடியலைன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். உடனே குறைச்சுக்கோ."

வாய்ப்பாடு சொல்லும் வேகம்

மைதானத்துக்குப் புதிதாக வருகிறவர்களைப் பாருங்கள். வந்ததும் பாய்ச்சலாக ஒரு சுற்று, பிறகு இடுப்பில் கை வைத்து நிற்பது, அதோடு சரி. நாலாம் நாள் முழங்கால் வலி என்று வரமாட்டார்கள். நான் ஓடும்போது, என் சின்னவள் படிக்கும் பதினாறாம் வாய்ப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓடுவேன். திணறாமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. நடுவில் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைப்பேன். கையில் கட்டும் விலை உயர்ந்த கடிகாரம் எதுவும் தேவையில்லை.

மெதுவாக ஓடினால் எப்படி வேகம் வரும் என்று நானும் கேட்டேன். டீச்சர் பொறுமையாக விளக்கினார். நிதானமாக வெகுநேரம் ஓடும்போது, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தத்தைத் தள்ளப் பழகுகிறது. தசைக்குள் முடி போன்ற மெல்லிய ரத்தக் குழாய்கள் புதிதாக உண்டாகின்றன. கொழுப்பை எரித்துச் சக்தியாக்கும் திறனும் கூடுகிறது. இந்த அஸ்திவாரம் பலமானால், அதே மூச்சில் இன்னும் வேகமாக ஓடலாம்.

இதை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியவர் நியூசிலாந்தைச் சேர்ந்த ஆர்தர் லிடியார்ட். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தன் உடம்பையே சோதனைச் சாலையாக்கி ஓடிப் பார்த்து ஒரு முறையை உருவாக்கினார். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டர் ஓட்டக்காரர். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் பந்தயம் அது. அதற்கு லிடியார்ட் அவரை 35 கிலோமீட்டர் நீள மலைப்பாதையில் ஓடவிட்டுப் பழக்கினார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் தங்கம் வென்றார். அதே நாளில் லிடியார்டின் இன்னொரு மாணவர் முர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரில் தங்கம் வென்றார். இதயநோய் வந்தவர்களையும் நடுத்தர வயதுக்காரர்களையும் மெல்லோட்டம் ஓடப் பழக்கியதும் இதே மனிதர்தான்.

நான் ஓடிய கணக்கு

வாரத்தில் மூன்று நாள்தான். திங்கள், புதன், சனி. முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி எட்டு முறை. மொத்தம் 24 நிமிடம். இரண்டு வாரம் கழித்து இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. பிறகு ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி நடையைக் குறைத்தேன். நான்காம் மாதம் நிற்காமல் 30 நிமிடம் ஓட முடிந்தது. எத்தனை கிலோமீட்டர் என்று கேட்காதீர்கள். மூன்றரையைத் தாண்டவில்லை. நடப்பவர்களே என்னை முந்தினார்கள். முந்தட்டுமே!

பிறகு நான்காவது நாளாக ஞாயிற்றுக்கிழமையைச் சேர்த்துக்கொண்டேன். அது நீண்ட ஓட்டத்துக்கான நாள். கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதை ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர் வரும். ஒன்றரைச் சுற்றில் ஆரம்பித்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைக் கிலோமீட்டர் கூட்டினேன். மூன்று வாரம் கூட்டினால் நாலாவது வாரம் குறைத்து ஓட வேண்டும். இதுவும் டீச்சர் சொன்னதுதான். மூச்சும் தசையும் சீக்கிரம் பழகிவிடும். ஆனால் எலும்பும், தசையை எலும்போடு கட்டும் நாணும் மெதுவாகத்தான் பலப்படும். 'இன்னும் ஓடலாம் போல இருக்கே' என்று தோன்றும்போதே நிறுத்திவிடுவது நல்லது. முழங்கால், கெண்டைக்கால் முன்னெலும்பு வலி எல்லாம் அவசரப்படுகிறவர்களைத்தான் பிடிக்கும்.

வேகத்துக்கு வாரம் ஒரே நாள்

நிற்காமல் 5 கிலோமீட்டர் ஓட வந்த பிறகுதான் வேகப் பயிற்சிக்கு அனுமதி கிடைத்தது. அப்போது அந்த 5 கிலோமீட்டருக்கு எனக்கு 40 நிமிடம் ஆனது.

முதலில் ஒரு மாதம், நிதான ஓட்டம் முடிந்ததும் 20 விநாடி மட்டும் சுறுசுறுப்பாக ஓடி, மூச்சு அடங்கும்வரை நடந்து, மறுபடியும் ஓடினேன். இப்படி நாலு அல்லது ஆறு தடவை. இதனால் கால் தூக்கி வைக்கும் விதம் சீராகிறது. காலை எட்டிப் போடாமல், சின்னச் சின்ன அடியாக, பாதம் உடம்புக்கு நேர் கீழே விழும்படி ஓடப் பழகினேன்.

அடுத்து, புதன்கிழமை மட்டும் பள்ளி மைதானத்தில் 400 மீட்டர் சுற்று. பத்து நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிவிட்டு, ஒரு சுற்று வேகமாக, பிறகு இரண்டு நிமிடம் நடை. மொத்தம் நாலு சுற்று, பிறகு ஆறு சுற்று. 'வேகமாக' என்றால் நாய் துரத்துகிற வேகம் அல்ல. ஒன்றிரண்டு வார்த்தைதான் பேச முடியும் என்கிற வேகம். கடைசிச் சுற்றும் முதல் சுற்று நேரத்திலேயே முடிய வேண்டும் என்பதுதான் முக்கியம். ஆரம்பத்தில் ஒரு சுற்று 2 நிமிடம் 50 விநாடி ஆனது. பத்து வாரத்தில் இரண்டரை நிமிடம் ஆனது. மற்ற மூன்று நாளும் அதே வாய்ப்பாட்டு வேகம்தான். வேக நாளுக்கு மறுநாள் கண்டிப்பாக ஓய்வு. இப்போது 5 கிலோமீட்டரை 34 நிமிடத்தில் முடிக்கிறேன்.

சித்திரை வெயிலில் இந்த நேரமெல்லாம் கூடிவிடும். அதற்குப் பயப்படக் கூடாது. உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளவே ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புவதால் கால் தசைக்குப் போவது குறைகிறது. அந்த மாதங்களில் கடிகாரத்தைப் பார்க்காமல் ஓடுங்கள். வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர் குடியுங்கள்.

நமக்கே உரிய மூன்று விஷயங்கள்

ஒன்று, ரத்தம். ஆறு மாதம் ஓடியும் முன்னேற்றம் இல்லாமல், படி ஏறினாலே மூச்சு வாங்கிய ஒரு சமயம் எனக்கு வந்தது. டாக்டரம்மா பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 9.1. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமப்பதே அதுதான். சுமக்க ஆள் இல்லாவிட்டால் எத்தனை பயிற்சி செய்து என்ன பயன்? 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கும், தமிழ்நாட்டில் 53.4 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை இருக்கிறது. நம்மில் இரண்டு பேரில் ஒருவர்! 'அசதி, வயசாச்சு' என்று நாம் சொல்லிக்கொள்வதில் பாதி இதுவாகவே இருக்கலாம். மாத்திரையோடு முருங்கைக்கீரை, எள், ஈரல் எல்லாம் சேர்த்துக்கொண்டேன். கூடவே நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை. அது இரும்புச் சத்தை உடம்பில் சேர்க்கும். சாப்பாட்டோடு குடிக்கும் காபி, டீ அதைத் தடுக்கும் என்பதால் அதை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தேன். மூன்று மாதத்தில் 11.8 ஆனது. கால் லேசானது எனக்கே தெரிந்தது.

இரண்டு, வெளியே சொல்லக் கூச்சப்படும் விஷயம். பிரசவமான பெண்கள் பலருக்கு ஓடும்போது, குதிக்கும்போது, தும்மும்போது சிறுநீர் கசியும். இதற்காகவே ஓட்டத்தை விட்டவர்கள் இருக்கிறார்கள். இது வெட்கப்பட வேண்டியது அல்ல. அடிவயிற்றைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருப்பதுதான் காரணம். சிறுநீரை அடக்குவது போல அந்தத் தசையை இறுக்கி, மெல்ல எண்ணி, தளர்த்தும் பயிற்சியைத் தினமும் செய்தால் பெரும்பாலும் சரியாகும். காய்கறி நறுக்கும்போதே செய்யலாம். குறையவில்லை என்றால் மகப்பேறு மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். பிரசவமானவர்கள் குறைந்தது மூன்று மாதம் கழித்து, டாக்டரைக் கேட்டுத்தான் ஓட ஆரம்பிக்க வேண்டும்.

மூன்று, உடுப்பு. சுடிதாரே போதும். துப்பட்டா வேண்டாம், காலில் மாட்டும். ஓட்டத்துக்கென்று தைத்த, மார்பை நன்றாகத் தாங்கும் உள்ளாடையும், விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்ட ஷூவும் அவசியம். கால் வீங்கியிருக்கும் சாயங்காலத்தில் போய் ஷூ வாங்குங்கள். செலவு என்று பார்த்தால் இந்த இரண்டும்தான்.

நாலு பேர் என்ன சொல்லுவாங்க?

எங்கள் அத்தையும் இதைத்தான் கேட்டார். "ரோட்டுல ஓடுனா நாலு பேர் என்ன சொல்லுவாங்க சாமி? பொம்பளை உடம்புக்கு இதெல்லாம் தாங்குமா?" பொம்பளை உடம்பு தாங்காது என்று ஒலிம்பிக் நடத்தியவர்களே சொன்னவர்கள்தான்! 1928ல் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்துவிட்டு, பெண்கள் களைத்து விழுகிறார்கள் என்று சொல்லி நிறுத்தினார்கள். மறுபடி வைக்க 1960 ஆனது. 1967ல் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் எண் குத்திக்கொண்டு ஓடிய கேத்ரின் சுவிட்சரின் பின்னாலேயே போட்டி நடத்துபவர் ஓடிவந்து எண்ணைப் பறிக்கப் பார்த்தார். அந்தப் பெண் ஓடி முடித்துவிட்டார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் மாரத்தானே வந்தது. 42.195 கிலோமீட்டரை ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். நம் பி.டி. உஷா நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டதும் அதே ஒலிம்பிக்கில்தான்.

அத்தை இன்னும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. ஆனால் பேத்தி எழுந்து அழுதால் தூக்கி வைத்துக்கொள்கிறார். ஓட்டம் இருக்கிற நாளில் ஆறேகால் மணி வரை அடுப்படி என் வீட்டுக்காரர் பொறுப்பு. பால் காய்ச்சி, இட்லி ஊற்றி வைத்துவிடுவார். இதை நான் கேட்டுத்தான் வாங்கினேன். கேட்காமல் யாரும் நேரத்தைத் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள் தோழிகளே! வாரத்தில் நாலு நாள், நாளுக்கு நாற்பது நிமிடம், ஞாயிறு மட்டும் கொஞ்சம் கூடுதல். வீட்டில் ஒருவர் ஆரோக்கியமாக இருப்பதற்கு இது பெரிய விலையா?

ஆரம்பிக்கும் முன் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு, கையில் ஒரு மிட்டாயும் வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வலி, தலைசுற்றல் என்றால் உடனே நிறுத்துங்கள். விடிவதற்குள் ஓடுபவர்கள் வெளிர் நிற உடுப்பில், துணைக்கு ஒருவரோடு போங்கள். துணை இருந்தால் இன்னொரு வசதியும் உண்டு. பேசிக்கொண்டே ஓடலாம், வேகம் தானாகக் கட்டுக்குள் இருக்கும். பேச நமக்கா விஷயம் இல்லை?

வரும் திங்கட்கிழமை ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஆரம்பித்துப் பாருங்களேன்!

அன்புடன்,
ஒரு வாசகி, கோவை.