மோட்டார் ஏன் நிற்கவில்லை?

நம் அந்தமானில் மழைக்குக் குறைவில்லை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் பெய்கிறது. ஆனால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. ஸ்ரீ விஜய புரம் நகருக்குத் தண்ணீர் தரும் முக்கிய அணை தனிக்காரி. 2024 வரை இந்த நகருக்குப் போர்ட் பிளேர் என்று பெயர். கோடையில் அணை நீர் இறங்கும். குழாயில் தண்ணீர் வராத நாட்களும் உண்டு.

வரும்போது கீழ்த் தொட்டியில் பிடிக்கிறோம். மோட்டார் போட்டு மேல் தொட்டிக்கு ஏற்றுகிறோம். சில வீடுகளில் இதற்குத் தானியங்கிப் பெட்டி இருக்கிறது. மேல் தொட்டி நிறைந்தால் மோட்டார் தானே நிற்க வேண்டும்.

நிற்கவில்லை என்றால்? அரிய தண்ணீர் வழிந்து ஓடும். கீழ்த் தொட்டி வற்றும். காய்ந்து ஓடும் மோட்டார் கெட்டுவிடும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

மூன்று பொருள்களைத் தெரிந்துகொள்வோம்.

முதலாவது, சிறிய கம்ப்யூட்டர் சில்லு. தொட்டியில் உள்ள கம்பிகள் மூலம் நீர் மட்டத்தை அறிகிறது. 'போடு', 'நிறுத்து' என்று உத்தரவு தருகிறது.

இரண்டாவது, ரிலே. இது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச். உள்ளே கம்பிச் சுருள் உண்டு. அதில் மின்சாரம் பாய்ந்தால் காந்தம் ஆகும். இரும்புத் தகட்டை இழுக்கும். 'டிக்' என்று சத்தம் கேட்கும். சுவிட்ச் மூடும்.

மூன்றாவது, டிரான்சிஸ்டர். 1947இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். இது எதற்கு? 5 வோல்ட் ரிலேவுக்குச் சுமார் 70 மில்லி ஆம்பியர் மின்சாரம் வேண்டும். சில்லின் ஒரு கால் பொதுவாக 20 மில்லி ஆம்பியர்தான் தாங்கும். டிரான்சிஸ்டருக்கோ 4 மில்லி ஆம்பியர் கொடுத்தாலே போதும். அது ரிலேவுக்கு வேண்டிய மின்சாரத்தைத் திறந்துவிடும். சிறு கை மடையைத் திறந்தால் வாய்க்கால் நீர் முழுதும் பாய்கிறது அல்லவா? அதுபோலத்தான்.

பழுது எங்கே?

மோட்டார் நிற்கவில்லையா? முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். தண்ணீரும் மோட்டாரும் தப்பிக்கும். பெட்டியைத் திறக்காதீர்கள். அதில் 230 வோல்ட் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து.

வெளியிலிருந்தே ஒரு சோதனை செய்யலாம். பெட்டிக்கு 5 வோல்ட் தரும் அடாப்டர் தனியாக இருந்தால் அதை மட்டும் பிடுங்குங்கள். பிறகு மெயினைப் போடுங்கள். மோட்டார் ஓடுகிறதா? ரிலேயின் சுருளில் இப்போது மின்சாரம் இல்லை. அப்படியும் ஓடினால் ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டன என்று பொருள். ஓடவில்லை என்றால் ரிலே சரி. டிரான்சிஸ்டர், சில்லு, தொட்டிக் கம்பி ஆகியவற்றில் ஒன்றில்தான் பழுது. உடனே மெயினை அணைத்துவிடுங்கள்.

முனைகள் ஏன் ஒட்டுகின்றன? மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். சிறிய ரிலே அதைத் தாங்காது. ரிலேவுக்கும் மோட்டாருக்கும் இடையே 'கான்டாக்டர்' என்ற பெரிய சுவிட்ச் வைக்க வேண்டும்.

மோட்டார் ஓடவே இல்லையா? காதைக் கொடுத்துக் கேளுங்கள். 'டிக்' சத்தம் வந்தும் ஓடவில்லை என்றால் ரிலேயின் முனை கருத்திருக்கலாம். நம் கடற்காற்றின் உப்பு உலோகத்தை அரிக்கும். மோட்டாரிலும் கோளாறு இருக்கலாம்.

சத்தமே இல்லை என்றால் மின் பணியாளர் மோட்டார் லைனைத் துண்டிப்பார். பிறகு மல்டிமீட்டரால் வரிசையாக அளப்பார். அடாப்டரில் 5 வோல்ட் வருகிறதா? சில்லின் காலில் உத்தரவு வருகிறதா? டிரான்சிஸ்டரின் உத்தரவு வாங்கும் காலில் சுமார் 0.7 வோல்ட் இருக்கிறதா? ரிலே சேரும் காலில் 1 வோல்ட்டுக்கும் குறைவாக இறங்குகிறதா? எந்த இடத்தில் அளவு தவறுகிறதோ, அங்கேதான் பழுது. எல்லாம் சரி, ரிலே மட்டும் அசையவில்லை என்றால் சுருள் அறுந்திருக்கும்.

மாற்றியும் மறுபடி கெடுகிறதா?

புது டிரான்சிஸ்டர் போட்டும் சில நாளில் கெட்டால், குற்றவாளி வேறு. ரிலே சுருளின் குறுக்கே 'டயோடு' என்ற சிறு பாகம் இருக்க வேண்டும். ரிலே நிற்கும் நொடியில் சுருளிலிருந்து பெரிய மின் அழுத்தம் எழும். டயோடு அதற்கு வழிவிட்டு டிரான்சிஸ்டரைக் காக்கும். டயோடு இல்லையென்றால் டிரான்சிஸ்டர் கெடும். திருப்பிப் பொருத்தினாலும் கெடும். அதன் கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம் இருக்க வேண்டும்.

டிரான்சிஸ்டரும் டயோடும் சில ரூபாய்தான். முழுப் பெட்டிக்கு ஆகும் செலவு பல மடங்கு. அதுவும் நம் ஊரில் கிடைக்காவிட்டால் சென்னையிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பல் பயணமே சுமார் மூன்று நாள். அதுவரை குடத்தில்தான் சுமக்க வேண்டும்.

ஆகவே, பணியாளர் "பெட்டியை மாற்றுங்கள்" என்றால், "தம்பி, எந்தப் பாகம் கெட்டது? டயோடைப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை. தெரிந்து கேட்டால் பணமும் மிஞ்சும், தண்ணீரும் மிஞ்சும்.