வண்டியும் வழியும் – 9: ஒரு வண்டி, இரண்டு மழை

புது வண்டியோடு தரும் கையேட்டில் சர்வீஸ் கணக்கு கிலோமீட்டரில் இருக்கும். கீரிப்பாறைக்கு அது ஒத்துவராது. நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் தாண்டி மலையடிவாரம் வந்துவிட்டால், வண்டிக்கு வயது மழைக்கணக்கில்தான் ஏறுகிறது.

குமரி மாவட்டத்துக்கு மழைக்காலம் இரண்டு. நாஞ்சில் நாட்டு வயல்காரர் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் எடுத்தது அந்தத் தைரியத்தில். வண்டிக்காரருக்கோ இரண்டும் இரண்டு வகைத் தொல்லை.

ஜூனில் தொடங்கும் எடவப்பாதி மழை விட்டுவிட்டுத் தூறும். வண்டி காயவே காயாது. ராத்திரி நனைந்த செயினை விடியலில் பாருங்கள், கண்ணிகளின் ஓரத்தில் செம்பொடி பூத்திருக்கும். துணியால் துடைத்து, ஓடி வந்த சூடு ஆறுமுன் 90-ஆம் நம்பர் கியர் ஆயிலைச் செயினின் உட்பக்கம் சொட்டுச்சொட்டாக விட்டால் போதும். கிளட்ச் கேபிளின் உறைக்குள் இறங்கிய தண்ணீர் அங்கேயே கிடந்து துருவாகும். லிவர் கனக்க ஆரம்பித்தால் கேபிளை மாற்றிவிடுவது நல்லது. மலைவளைவில் அறுந்தால் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும்.

ஐப்பசி மழைக்கு வேறு குணம். காலையில் பளிச்சென்று வெயில், மத்தியானத்துக்கு மேல் இடியோடு கொட்டும். விடியுமுன் டார்ச்சோடு கிளம்பும் ரப்பர் பால்வெட்டுக்காரர் பெரும்பாலும் தப்பிவிடுவார். மாட்டுவது சாயங்காலம் வீடு திரும்புகிறவர்கள். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்தபோது மட்டும் யாரும் தப்பவில்லை. ரப்பர் மரங்கள் ஏராளமாகச் சாய்ந்த மாவட்டம் இது.

பெட்ரோலிலும் இப்போது மழை புகுந்துவிட்டது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் மிஞ்சினால் எத்தனாலோடு சேர்ந்து டேங்கின் அடியில் பிரிந்து நிற்கும். பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் அடிக்கிண்ணத்தின் திருகைத் தளர்த்தி வடித்துவிடலாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு அந்தக் கைவைத்தியம் பலிக்காது. ஓட்டாமல் போட்டுவைப்பதானால் டேங்கை நிரப்பி வையுங்கள். காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரத்துக்கும் குறையும்.

மழை விட்டது என்று நிம்மதிப்படும் நேரத்தில்தான், என் கணக்கில், பெரிய ஆபத்து வருகிறது. தை மாதத்தையொட்டி ரப்பர் இலை உதிர்க்கும். அரசு ரப்பர் கழகத் தோட்டங்களின் நடுவே போகும் ரோட்டில் சருகு மெத்தையாகக் கிடக்கும். வெயிலில் காய்ந்த சருகு சரசரத்து விலகிவிடும். காலைப்பனியில் நனைந்ததோ ஒன்றோடொன்று ஒட்டி, தாருக்கும் டயருக்கும் நடுவே வழுக்கும். வளைவில் பின்பிரேக்கை அழுத்தினால் சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது. வளைவுக்கு முன்பே கியரை இறக்கி, பிரேக்கைத் தொடாமல் திரும்புவதுதான் இந்தப் பக்கத்துப் பழக்கம். மழைக்கு பயந்து ஓட்டுகிறவர்கள் பனிக்கு பயப்படுவதில்லை. எனக்கு அது புரிந்ததே இல்லை.

இலை உதிர்ந்து தளிர்க்கும் வாரங்களில் பால்வெட்டுக்கு ஓய்வு. செயின் செட் மாற்ற, பிரேக் ஷூ மாற்ற நேரம் கிடைப்பது அப்போதுதான். ஆனால் வெட்டு நின்றால் கூலியும் நிற்கும் என்பதால், வண்டி திண்ணையோரம் அப்படியே கிடக்கும். வெட்டு தொடங்கி முதல் கூலி கைக்கு வந்த பிறகே அது ஒர்க்‌ஷாப் போகும். அதற்குள் எடவப்பாதி நெருங்கியிருக்கும்.

அடுத்த வாரம்: ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் வண்டி ஓட்டுவது.

(தொடரும்)