நஷ்டக் கணக்குக் காட்டி நிறுத்திய பஸ்

கானடா நாட்டின் மேற்கே சஸ்காச்சுவான் என்றொரு மாகாணம். கோதுமை விளையும் சமவெளி. பரப்பு 6½ இலட்சம் சதுர கிலோமீட்டர். மக்களோ 2016 கணக்குப்படி 11 இலட்சம் பேர்தான். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே வயலும் வானமும் தவிர வேறில்லை. குளிர்காலத்திலே உறைநிலைக்குக் கீழே 30 டிகிரிவரை இறங்கும். அந்த மண்ணில், கார் இல்லாதவனுக்கென்று ஒரு சர்க்கார் பஸ் ஓடிற்று. 2017 மே 31-ஆம் நாளோடு அதை நிறுத்திவிட்டார்கள்.

யார் விட்ட பஸ் அது? உழவரும் தொழிலாளரும் கூடி வளர்த்த கட்சி, டாமி டக்ளஸ் தலைமையில் 1944-ல் ஆட்சிக்கு வந்தது. 1946-ல் பஸ் கம்பெனியை அமைத்தது. அதே ஆட்சிதான் 1947-ல் மருத்துவமனைச் செலவுக்கு இன்ஷூரன்ஸ் கொண்டுவந்தது. மருத்துவமனை இருந்தால் போதுமா? அங்கே போய்ச் சேர வழி வேண்டாமா? இரண்டையும் சேர்த்தே சிந்தித்தார்கள் அன்று!

71 ஆண்டுகள் ஓடிய அந்த பஸ்கள் கடைசியில் 27 பாதைகளில் 253 ஊர்களைத் தொட்டன. 2017 மார்ச் 22-ல் பிராட் வால் சர்க்கார் பட்ஜெட் படித்தது. கம்பெனிக்கு மூடுவிழா! 27 பாதையில் இரண்டுதான் இலாபமாம். பயணி ஒருவருக்கு 94 டாலர் மானியமாம். மூடினால் ஐந்தாண்டில் 8½ கோடி டாலர் மிச்சமாம்.

94 டாலர் என்று வகுத்தார்களே, அந்த பஸ் ஆளை மட்டுமா ஏற்றிச் சென்றது? அறுவடை நேரத்தில் உடைந்த இயந்திரத்துக்கு வேண்டிய உதிரிப் பாகம் அதில்தான் வந்தது. நூலகப் புத்தகம் அதில்தான் வந்தது. பார்சலையெல்லாம் மறந்துவிட்டுத் தலையை மட்டும் எண்ணி வகுத்தால் தொகை பெரிதாகத்தான் தெரியும். கணக்குப்பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்!

புற்றுநோய் மருத்துவ நிலையங்கள் அங்கே சஸ்கட்டூன், ரெஜைனா என்ற இரு நகரங்களில்தான். சிற்றூர்க் கிழவி சிகிச்சைக்குப் போக வேண்டும். காரும் இல்லை, ஓட்டக் கண்ணும் இல்லை. மகன் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அழைத்துப் போகிறான். அல்லது அவள் போகாமலே இருந்துவிடுகிறாள். சர்க்கார் ஏட்டிலே மிச்சம் என்று எழுதிய தொகையில் ஒரு பகுதி இப்படி ஏழை வீட்டு ஏட்டிலே செலவாக ஏறியிருக்கிறது. அந்த ஏட்டைத் தணிக்கை செய்வார் யார்?

இன்னொன்றையும் தோழர்கள் கவனிக்க வேண்டும். அதே பட்ஜெட்டில் விற்பனை வரி 5 சதவீதத்திலிருந்து 6 ஆக ஏறிற்று. பெருங் கம்பெனிகளின் வருமான வரியோ 12-லிருந்து 11½ ஆக இறங்கும் என்றார்கள். நூலகங்களுக்கான பணத்தையும் வெட்டினார்கள். மக்கள் நூலக வாசலில் புத்தகமும் கையுமாக அமர்ந்து படித்தே கண்டனம் காட்டினர். அடுத்த மாதமே பணம் திரும்பி வந்தது. கம்பெனி வரிச் சலுகையையும் பின்னர் திரும்பப் பெற்றனர். பஸ் மட்டும் திரும்பவில்லை. தொழிற்சங்கம் போராடிப் பார்த்தது. இருநூறுக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலை இழந்தனர்.

தனியார் வந்து ஓட்டுவர் என்று ஆறுதல் சொன்னார்கள். தனியார் என்ன செய்தனர்? கிரேஹவுண்ட் என்னும் பெரிய கம்பெனியே 2018 அக்டோபர் 31-ஆம் நாளோடு மேற்குக் கானடாவில் ஏறக்குறைய எல்லாப் பாதைகளையும் கைவிட்டது. இலாபம் தேடுபவன் இலாபம் இல்லாத ஊருக்கு ஏன் வருவான்? அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவன் தொழில் அது. வரவேண்டியது சர்க்கார்!

நெடுஞ்சாலை இலாபம் தருகிறதா என்று எந்த அமைச்சரும் கேட்பதில்லை. காருள்ளவனுக்குப் போடும் சாலை சேவை. காரில்லாதவன் அதன்மேல் போகும் பஸ் நஷ்டம்! இது என்ன நியாயம் என்று கேட்கிறோம். பஸ்ஸை மீண்டும் விடு என்று அந்த மாகாணத்து மக்கள் எழுப்பிய குரல் நியாயமான குரல். ஆனால் விட வேண்டுமென்றால் பஸ் வாங்குவதிலிருந்து தொடங்க வேண்டும். வண்டிகளை விற்றாயிற்று. ரெஜைனா நகரத்து பஸ் நிலையத்தைப் போலீஸ் இலாகா வாங்கிக்கொண்டது.