வெருண்ட மாட்டுக்கு அடி மருந்தல்ல

காட்டுப் பாதையில் திடீரென வெருளும் விலங்கை அடக்குகிற பாடு வன்னிப் பெருநிலத்து வண்டில்காரருக்குப் பழையது. ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் போகும் வீதியோரப் பற்றையில் சிக்கிப் படபடக்கும் ஒரு பொலித்தீன் பை போதும். அதுவரை ஒழுங்காக இழுத்து வந்த மாடு காதை முன்னுக்கு நிமிர்த்தி, மூச்சை ஊதி, நுகத்தைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு நின்றுவிடும். முனி நிற்குது என்பார் ஒருவர். கள்ளம் பண்ணுது என்பார் இன்னொருவர். உடனே கம்பு ஓங்கும். இரண்டு விளக்கமும் பிழை. கம்பு அவற்றைவிடப் பெரிய பிழை.

காரணம் மாட்டின் கண்ணில் இருக்கிறது. தலையின் இரு பக்கமும் கண் அமைந்திருப்பதால் அதற்குச் சுற்றிவர ஏறத்தாழ 330 பாகை தெரியும். ஆனால் இரு கண்ணும் சேர்ந்து தூரத்தை அளப்பது முகத்துக்கு நேரேயுள்ள ஒடுங்கிய பரப்பில்தான். ஓரக்கண்ணில் ஓர் அசைவு பட்டால், அது என்ன, எவ்வளவு தூரத்தில் என்று அறிய மாடு தலையைத் தாழ்த்தித் திரும்பிப் பார்த்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்து நாணயக்கயிற்றை இழுத்துப் பிடித்தால், பயம் தெளியும் வழியையே நாம் அடைத்துவிடுகிறோம். நிழல், தேங்கிய நீரில் மின்னும் ஒளி, தொங்கும் சங்கிலி போன்ற அற்ப விடயங்களுக்கே மாடுகள் நின்றுவிடுவதை அமெரிக்கக் கால்நடை அறிவியலாளர் டெம்பிள் கிராண்டின் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். நன்றாகக் கலவரப்பட்ட மாடு தணிய 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும் என்பதும் அவர் சொன்னதே. அந்த நேரத்தில் முதுகில் விழும் அடி, பையையும் வலியையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிடும். அடுத்த முறை அதே வளைவில் மாடு முன்னதாகவே நடுங்கும்.

"ஒருக்கா விட்டுக்கொடுத்தால் நாளைக்கும் நிற்கும்" என்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் நின்று பார்க்க விடுவது வேறு, வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு போவது வேறு. டென்மார்க்கில் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வொன்றில் இளம் குதிரைகளுக்கு அசையும் நைலோன் பையைக் காட்டிப் பழக்கினார்கள். படிப்படியாகப் பழக்கப்பட்ட குதிரைகள் அனைத்தும் அமைதியாக நிற்கக் கற்றுக்கொண்டன. முழு அசைவையும் எடுத்த எடுப்பிலேயே கண்டவற்றில் சில கடைசிவரை பழகவில்லை. குதிரையைப் போல மாடும் கூட்டமாய் வாழ்ந்து, ஓடித் தப்பும் இரைவிலங்கு. ஆகவே வளவுக்குள்ளேயே, சாப்பாட்டு நேரத்தில், தூரத்தில் ஒரு பையைக் கட்டி நாளுக்கு நாள் கிட்டக் கொண்டுவருவது சவாரி மாட்டுக்கும் வண்டில் மாட்டுக்கும் நல்ல பயிற்சி. வீதியில் வெருண்டால் கயிற்றைத் தளர்த்தி, பார்க்க விட்டு, மூச்சு அடங்கியதும் மெல்ல நடத்திக் கடக்கலாம்.

எல்லாப் பயமும் பொய்ப்பயம் அல்ல. இந்தக் காடுகளில் யானை மெய்யாகவே உண்டு. மாட்டின் மூக்கு அதை நம் கண்ணுக்கு முந்தி அறியும். பொழுதுபடும் நேரம் இரண்டு மாடும் ஒரே திசைக்குக் காதை நிமிர்த்தி நின்றால், இறங்கிப் போய்ப் பற்றையை விலக்கிப் பார்க்க வேண்டாம். இடம் இருக்கும்போதே வண்டிலைத் திருப்புங்கள்.