அவன் கணக்கு அவனோடு முடிந்தது



கொள்ளைக்கு வந்தவன் சுடப்பட்டு இறந்தான் என்று நாளிதழில் ஒரு செய்தி வந்துவிட்டால், அன்று காலை நம் கடைத்தெருவில் வேறு பேச்சே இருக்காது. "நல்லதாகப் போயிற்று, ஒருவன் ஒழிந்தான்" என்போம். அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை உண்டே என்று யாராவது சொன்னால், "திருடன் குடும்பத்துக்கு என்ன இரக்கம்? நம் குடும்பத்துக்கு யார் இரங்குகிறார்கள்?" என்று உடனே பதில் வரும். அந்தப் பதிலை நாமும் சொல்லியிருக்கிறோம். அதனால்தான் இந்த இதழில் அதைப் பற்றியே எழுதத் துணிந்தோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கொள்ளைக்காரனுக்கு வக்காலத்து வாங்க இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. பயம் என்றால் என்னவென்று புதுவாயல் வட்டாரத்து வியாபாரிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் கடைகள் சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டியவை. இரவு முழுவதும் லாரிகள் ஓடும் சாலை அது. எவன் வந்தான், எவன் போனான் என்று யாருக்கும் தெரியாது. நம் ஊரிலிருந்து மேற்கே பெரியபாளையம் போகும் பக்கத்தில்தான் தானாகுளம் இருக்கிறது. 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினராக இருந்த சுதர்சனம் அவர்களை, வீடு புகுந்த வடநாட்டுக் கொள்ளைக் கும்பல் அங்கேதான் சுட்டுக் கொன்றது. சட்டமன்ற உறுப்பினர் வீட்டுக்கே அந்தக் கதி என்றால் மளிகைக்கடைக்காரன் எம்மாத்திரம் என்று நாம் நடுங்கிய நாட்கள் அவை. அந்த வழக்கில் சென்னை நீதிமன்றம் மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது 2025 நவம்பரில்தான். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் குடும்பம் காத்திருந்தது. கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்குத்தான் நம் முதல் இரக்கம் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது.

ஆனால் முதல் இரக்கம் என்று ஒன்று இருந்தால் இரண்டாவது இரக்கத்துக்கு இடமே இல்லை என்றாகிவிடுமா? அதுதான் கேள்வி.

சட்டம் எதுவரை துணை வரும்?

தன் உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டம் நமக்குத் தந்திருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை வைக்கப்பட்டுள்ளன. கொள்ளையடிக்க வருபவன், சூரியன் மறைந்தபின் பூட்டை உடைத்து நுழைபவன், குடியிருக்கும் வீட்டுக்கோ சரக்கு வைத்திருக்கும் கட்டடத்துக்கோ தீ வைப்பவன் ஆகியோரைத் தடுக்கும்போது எதிராளிக்கு மரணமே நேர்ந்தாலும், வரம்புக்குள் செய்தது என்றால் குற்றமாகாது.

அந்த வரம்பை நம்மில் பலர் அறிந்திருக்கவில்லை. ஆபத்தைத் தடுக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் செய்யலாம். காவல்துறையை அழைக்க அவகாசம் இருந்தால் இந்த உரிமை கிடையாது. ஆபத்து நீங்கிய நிமிடத்தில் உரிமையும் நீங்கிவிடும். உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டு தர்ஷன் சிங் வழக்கில் இதைத் தொகுத்துச் சொன்னது. உயிர் பயத்தில் இருப்பவன் தன் அடியைத் தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது என்பதை நீதிமன்றம் ஏற்கிறது. அதே சமயம், பழிவாங்குவதற்கு இந்த உரிமை இல்லை என்றும் சொல்கிறது.

இதை நம் தெரு வழக்கப்படி சொல்வதானால், கல்லாவில் கை வைத்துக் கத்தியைக் காட்டுபவனைத் தள்ளி அடிப்பது தற்காப்பு. பிடிபட்டவனைக் கம்பத்தில் கட்டிவைத்த பிறகு விழுகிற ஒவ்வொரு அடியும் குற்றம். அந்த அடியில் அவன் இறந்தால் கொலை வழக்கு. குடோன் சுவரில் திருட்டுத்தனமாக மின்கம்பி போட்டு வைத்து அதில் ஒருவன் இறந்தாலும் தற்காப்பு என்று தப்ப முடியாது. வழக்கு வந்தால், தற்காப்புக்காகவே செய்தோம் என்று காட்டும் பொறுப்பும் நம்முடையதுதான். கடையைக் காப்பாற்றப் போய்க் கடையையே மூடிவிட்டுக் கோர்ட்டுக்கு அலையும் நிலை நமக்கு வர வேண்டாம்.

வேளச்சேரியில் நடந்தது

இனி இறந்தவர்களின் வீட்டுப் பக்கம் வருவோம். 2012ஆம் ஆண்டு சென்னையில் நடந்ததை வியாபாரிகள் மறந்திருக்க மாட்டோம். ஜனவரியில் பெருங்குடியிலும் பிப்ரவரியில் கீழ்க்கட்டளையிலும் பட்டப்பகலில் வங்கிகளில் துப்பாக்கி முனையில் கொள்ளை நடந்தது. இரண்டிலும் சேர்த்து முப்பது லட்சம் ரூபாய்க்கு மேல் போயிற்று. பிப்ரவரி 23 பின்னிரவில் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டைப் போலீசார் சூழ்ந்தனர். உள்ளேயிருந்து சுட்டார்கள், தற்காப்புக்காகத் திருப்பிச் சுட்டோம் என்பது காவல்துறையின் விளக்கம். காவல் ஆய்வாளர்கள் இருவர் காயமடைந்தனர். வீட்டுக்குள் இருந்த ஐந்து பேரும் இறந்தனர். ஒருவரையும் உயிரோடு பிடித்திருக்க முடியாதா என்று மனித உரிமை அமைப்புகள் கேட்டன. விஷயம் உயர் நீதிமன்றம் வரை போயிற்று.

இறந்தவர்கள் பீகார், மேற்கு வங்கம் பக்கத்தவர்கள் என்று சொல்லப்பட்டது. அங்கிருந்து சென்னைக்கு வர ரயிலில் ஒரு நாளுக்கு மேல் ஆகும். அந்த ரயில்கள் நம் கும்மிடிப்பூண்டி வழியாகத்தான் சென்னைக்குள் நுழைகின்றன. மகன் வேலைக்குப் போயிருக்கிறான் என்று நம்பியிருக்கும் ஒரு தாய், அவன் கொள்ளைக்காரன் என்பதையும் இறந்துவிட்டான் என்பதையும் ஒரே செய்தியில் கேட்டால் எப்படி இருக்கும்? பாஷை தெரியாத ஊருக்கு வந்து, பிணவறை வாசலில் நின்று, இவன் என் மகன்தான் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு ஊருக்குத் திரும்பி, அக்கம்பக்கத்தார் முகத்தில் விழிக்க வேண்டும். வங்கியில் துப்பாக்கியைக் காட்டியது அவளல்ல. ஆனால் மீதித் தண்டனையை அனுபவிப்பவள் அவள்.

வேளச்சேரிக்குப் பிறகு சென்னையில் வாடகைக்குக் குடியிருப்போர் விவரங்களைக் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. பாதுகாப்புக்கு அது தேவை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ஐந்து பேர் பெயரால், வடநாட்டிலிருந்து பிழைக்க வந்த அத்தனை பேர் மீதும் சந்தேகக் கண் விழுந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டை நம்பிக் கடை வைத்திருக்கும் நமக்கு அவர்கள் யார் என்று தெரியும். கோதுமை மாவும் கடுகெண்ணெயும் உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டு, சம்பள நாளில் பாக்கியைத் தீர்த்துவிட்டுப் போகும் வாடிக்கையாளர்கள். ஒருவன் செய்ததற்கு ஊரையே பழிப்பதும், ஒருவன் செய்ததற்கு அவன் குடும்பத்தைப் பழிப்பதும் ஒரே தவறுதான்.

உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரில், மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடர்ந்த வழக்கில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மரணம் நேர்ந்தால் கடைப்பிடிக்க வேண்டிய 16 நெறிமுறைகளை வகுத்தது. முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். வேறு காவல் நிலையமோ சி.ஐ.டி.யோ விசாரிக்க வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை நடக்க வேண்டும். இறந்தவரின் நெருங்கிய உறவினருக்கு விரைவில் தகவல் சொல்ல வேண்டும். நெறிமுறைகள் மீறப்பட்டதாகக் கருதினால் குடும்பத்தார் செசன்ஸ் நீதிபதியிடம் முறையிடலாம். ஆக, இறந்தவன் குற்றவாளியாகவே இருந்தாலும், அவன் குடும்பத்துக்கு உண்மையைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

நம்மவன் ஒருவனும் திருடனாக இறந்தான்

இதைப் பேசும்போது வணிகர்களாகிய நாம் ஒருவனை நினைக்காமல் இருக்க முடியாது. புகார் நகரத்து வணிகன் கோவலன் மதுரைக்குச் சிலம்பு விற்கப் போனான். பொற்கொல்லன் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி, விசாரணையே இல்லாமல் திருடன் என்று வெட்டப்பட்டான். அவன் திருடவில்லை என்று அரசவையில் வந்து நிரூபித்தவள் யார்? 'திருடன் பெண்டாட்டி' என்று ஊர் நினைத்த கண்ணகிதான். சுடப்பட்டவர்கள் எல்லாரும் கோவலர்கள் என்று நாம் சொல்லவில்லை. பலர் உண்மையிலேயே குற்றம் செய்தவர்களாக இருக்கலாம். ஆனால் இறந்தவனுக்காகக் கேள்வி கேட்க அவன் வீட்டாரைத் தவிர வேறு ஆளில்லை. அவர்கள் வாயையும் நாம் அடைத்துவிட்டால், கோவலன் யார், கொள்ளையன் யார் என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

நாம் செய்யக்கூடியது

ஊரில் ஒருவன் இப்படி இறந்தால், அந்த வீட்டுப் பெண் ஒரு நாள் நம் கடைக்கு வந்தே தீர வேண்டும். அரிசி இல்லாமல் எத்தனை நாள் இருக்க முடியும்? கூட்டம் குறைந்த நேரம் பார்த்து, ஓரமாக வந்து நின்று, மெல்லிய குரலில் "அண்ணாச்சி, அரைக்கிலோ பருப்பு" என்பாள். அந்த நேரத்தில் நாம் நடந்துகொள்ளும் விதத்தைத்தான் அந்தப் பிள்ளைகள் பெரியவர்களான பின்பும் நினைவில் வைத்திருப்பார்கள்.

கடன் கொடுப்பதும் கொடுக்காததும் அவரவர் முடிவு. அதில் நாம் தலையிடவில்லை. ஆனால் நேற்றுவரை பற்று எழுதிய நோட்டை அவன் இறந்த காரணத்துக்காகவே இன்று மூட வேண்டியதில்லை. பழைய பாக்கியைப் பத்துப் பேர் முன்னால் கேட்க வேண்டியதில்லை. அந்த வீட்டுப் பையன் கடையில் வேலை கேட்டு வந்தால், அப்பன் பெயரைச் சொல்லித் துரத்த வேண்டியதில்லை. பதினெட்டு வயது நிரம்பியிருந்து, கை சுத்தமாக இருந்தால், மற்றவர்களுக்குக் கொடுக்கும் வாய்ப்பை அவனுக்கும் கொடுக்கலாம். வேலை கிடைக்காத பையன் வேறு எங்கே போய்ச் சேருவான் என்பதை வியாபாரிகளாகிய நாம் யோசிக்க வேண்டும். அவனைத் துரத்துவதில் நமக்கே நஷ்டம்.

அரசு உதவிகளைச் சொல்லிக் கொடுக்கலாம். ஆதரவற்ற விதவை ஓய்வூதியத்துக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். தந்தையை இழந்த பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை உண்டா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்கலாம். இந்த இரண்டு இடங்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க நமக்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை.

ஷட்டருக்கு நல்ல பூட்டுப் போடுவோம். கேமரா வைப்போம். இரவில் கல்லாவில் பணம் வைக்காமல் இருப்போம். ஆபத்து வந்தால் சட்டம் தந்த உரிமையோடு காத்துக்கொள்வோம். இதில் எதையும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை.

ஆனால் வியாபாரிக்குக் கணக்கு தெரியும். ஒருவன் பற்றை இன்னொருவன் பெயரில் எழுதுவது கணக்குப் பிழை. குற்றம் செய்தவன் உயிரையே கொடுத்துவிட்டான். அவன் கணக்கு அவனோடு முடிந்தது. மீதி ஏதும் இருப்பதாகச் சொல்லி, அதை அவன் பிள்ளையின் பக்கத்தில் எழுதாமல் இருப்போமாக.